'கெட் அவுட்': யாரும் வெறுக்காத வீட்டில் என்ன பயம்?

நிறவெறியைப் பற்றிய திகில் படம் என்று கேள்விப்பட்டு 'கெட் அவுட்' பார்க்க உட்காருபவர்களுக்கு முதல் பாதி குழப்பமாகத்தான் இருக்கும். கறுப்பின இளைஞன் ஒருவன் வெள்ளைக்காரக் காதலியின் பெற்றோர் வீட்டுக்கு வார இறுதியில் போகிறான். கட்டிப்பிடித்து வரவேற்கிறார்கள். யாரும் அவனை ஒரு கடுஞ்சொல் சொல்வதில்லை. முடிந்திருந்தால் ஒபாமாவுக்கு மூன்றாவது தடவையும் ஓட்டுப் போட்டிருப்பேன் என்கிறார் அப்பா. சரி, அப்படியானால் நிறவெறி எங்கே இருக்கிறது? பேயும் இல்லை, பிசாசும் இல்லை. ஆனாலும் பார்க்கிறவர்களுக்கு ஏன் வயிற்றைக் கலக்குகிறது? போதாக்குறைக்கு, கோல்டன் குளோப் விருதுகளில் இந்தப் படம் போட்டியிட்டது நகைச்சுவைப் பிரிவில்.

இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். முடிவு உட்பட முழுக் கதையும் இங்கே பேசப்படுகிறது. இன்னும் பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

கதையும் பின்னணியும்

ஜோர்டன் பீல் எழுதி இயக்கிய முதல் படம் இது. அதற்கு முன் அவரை அமெரிக்கா நகைச்சுவைக்காரராகத்தான் அறிந்திருந்தது. கீகன் மைக்கேல் கீயோடு சேர்ந்து 2012 முதல் 2015 வரை தொலைக்காட்சியில் 'கீ அண்ட் பீல்' நிகழ்ச்சியை நடத்தியவர். ப்ளம்ஹவுஸ் தயாரிப்பு, யுனிவர்சல் வெளியீடு. சுமார் 45 லட்சம் டாலரில் எடுத்த படம் உலகம் முழுவதும் 25 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 2018 ஆஸ்கரில் சிறந்த படம், இயக்குநர், நடிகர், அசல் திரைக்கதை என நான்கு பரிந்துரைகள். திரைக்கதை விருது கிடைத்தது. அந்தப் பிரிவில் வென்ற முதல் கறுப்பினத்தவர் பீல்.

கிறிஸ் (டேனியல் கலூயா) நகரத்தில் வாழும் புகைப்படக் கலைஞன். காதலி ரோஸ் (ஆலிசன் வில்லியம்ஸ்). அவளுடைய அப்பா டீன் ஆர்மிடேஜ் மூளை அறுவை மருத்துவர். அம்மா மிஸ்ஸி மனநல மருத்துவர், ஹிப்னாடிசம் தெரிந்தவர். வீட்டு வேலைக்கு ஜார்ஜினா, தோட்டத்துக்கு வால்ட்டர் என்று இரண்டு கறுப்பினத்தவர் இருக்கிறார்கள். இருவரின் பேச்சும் நடையும் எங்கோ இடிக்கிறது. மறுநாள் விருந்துக்கு வரும் ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் கிறிஸ்ஸைச் சுற்றிச் சுற்றி விசாரிக்கிறார்கள்.

கடைசியில் தெரியவரும் உண்மை இது. வயதான, உடல் தளர்ந்த பணக்காரர்களின் மூளையை இளம் கறுப்பினத்தவரின் உடலில் பொருத்தும் ரகசியத் தொழிலை அந்தக் குடும்பம் நடத்துகிறது. ஆள் பிடித்து வருவது ரோஸின் வேலை. ஜார்ஜினாவின் உடலில் இருப்பது பாட்டி, வால்ட்டரின் உடலில் தாத்தா. உடலின் சொந்தக்காரர் சாவதில்லை. அவருடைய மூளையில் ஒரு துண்டை விட்டுவைக்கிறார்கள். அது உள்ளே கிடந்து, நடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

சந்தேகம் எப்படிப் பயமாகிறது

இருட்டிலிருந்து எதுவோ பாய்ந்து வந்து பயமுறுத்துவது ஒரு வகைத் திகில். உளவியல் திகிலில், ஆபத்து உண்மையிலேயே இருக்கிறதா என்பதே தெளிவாக இருக்காது. கதைநாயகன் தன் புத்தியை நம்பலாமா வேண்டாமா என்று தடுமாறுவான், பார்ப்பவரும் கூடவே தடுமாறுவார். இந்தப் படம் அந்தத் தடுமாற்றத்தைக் கறுப்பின அமெரிக்கர்கள் அன்றாடம் படும் ஒரு பாட்டிலிருந்து எடுக்கிறது. அது மூன்று படிகளில் நடக்கிறது.

1. முதலில் சின்ன உறுத்தல்கள். கிறிஸ்ஸைப் பார்த்ததும் ஒருவர் தனக்குக் கறுப்பின கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸைத் தெரியும் என்கிறார். ஒரு பெண்மணி அவன் புஜத்தை அமுக்கிப் பார்க்கிறார். இப்போது கறுப்புதான் ஃபேஷன் என்கிறார் இன்னொருவர். எல்லாமே பாராட்டு. எதை வைத்தும் சண்டை போட முடியாது. இப்படிப்பட்ட அன்றாடச் சீண்டல்களுக்கு 1970இல் ஹார்வர்ட் மனநல மருத்துவர் செஸ்டர் பியர்ஸ் வைத்த பெயர் 'மைக்ரோஅக்ரெஷன்'. சொன்னவர் மறந்துவிடுவார். கேட்டவரிடம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும்.

2. அடுத்தது, தன்னையே சந்தேகப்படுவது. கிறிஸ்ஸின் போன் சார்ஜரை யாரோ பிடுங்கிவிடுகிறார்கள். ஜார்ஜினா அவனிடம் மன்னிப்புக் கேட்க வருகிறாள். கூட்டத்தில் வெள்ளையர் அதிகமாக இருந்தால் எனக்குப் படபடப்பு வந்துவிடும் என்று அவன் மனம்விட்டுச் சொல்கிறான். கேமரா அவள் முகத்துக்கு மிக அருகில் நிற்கிறது. பதில் சொல்ல வாயெடுக்கிறாள், சிரிப்பு விரிகிறது, அதே நொடியில் கண்ணிலிருந்து நீர் வழிகிறது. "இல்லை, இல்லை, இல்லை" என்று அடுக்கிக்கொண்டே போகிறாள், சிரிப்பு மட்டும் இறங்கவே இல்லை. உள்ளே இருப்பவள் கத்துகிறாள், வெளியே இருப்பவள் அதை அமுக்குகிறாள் என்பது நமக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் கிறிஸ்ஸுக்குக் கிடைப்பது, இவளுக்கு என்னவோ பிரச்சினை என்ற எண்ணம்தான். பெட்டி கேப்ரியலின் இந்த அரை நிமிட நடிப்புக்காகவே படத்தை இன்னொரு தடவை பார்க்கலாம்.

3. கடைசியாக, நம்ப ஆளில்லாத நிலை. நண்பன் ராட் விமான நிலையப் பாதுகாப்பு ஊழியன். அவனுக்கு மட்டும் விஷயம் ஓரளவு புரிகிறது. போலீஸ் நிலையத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்கிறான். துப்பறியும் அதிகாரி இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து மறுபடியும் சொல்லச் சொல்கிறார். மூவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அந்த மூவரில் ஒருவரும் வெள்ளையர் இல்லை.

இங்கே இருப்பது எந்த நிறவெறி

அமெரிக்கப் படங்களில் பழகிப்போன நிறவெறியன் ஒருவன் உண்டு. தென்மாநிலத்து ஷெரிஃபாகவோ வெள்ளை முக்காடு போட்ட கு கிளக்ஸ் கிளான் என்ற நிறவெறிக் கும்பலின் ஆளாகவோ வருவான். நல்ல மனசுள்ள பார்வையாளர், நான் இப்படியில்லையப்பா என்று நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். அந்த நிம்மதிக்குத்தான் பீல் குறிவைக்கிறார்.

2008இல் ஒபாமா வென்றதும், நாடு இனப் பிரச்சினையைத் தாண்டி வந்துவிட்டது என்ற பேச்சு பலமாக எழுந்தது. அது பொய் என்று சொல்லவே பீல் அந்தக் காலத்தில் இந்தக் கதையை எழுதினார். படம் திரைக்கு வந்தது 2017 பிப்ரவரி 24, டிரம்ப் பதவியேற்று ஒரு மாதம் கழித்து. ஆனால் வில்லன்கள் டிரம்ப் ஆட்கள் இல்லை, ஒபாமாவுக்கு ஓட்டுப் போட்டவர்கள். 1963இல் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் மார்ட்டின் லூதர் கிங், கிளான் ஆட்களைவிட மிதவாத வெள்ளையரே பெரிய முட்டுக்கட்டையோ என்று கேட்டார். அவர் வருந்தியது அவர்களுடைய தயக்கத்தைப் பற்றி. பீல் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த நல்லவர்களுக்கு இதில் ஆதாயமும் இருக்கிறது என்கிறார்.

இதைப் புரிந்துகொள்ள ஜிம் ஹட்சனைப் பார்த்தால் போதும். விருந்தில் நிதானமாகப் பேசும் ஒரே மனிதர் அவர்தான். ஓவியங்கள் விற்பவர், கண் தெரியாதவர். கிறிஸ்ஸின் புகைப்படங்களை உதவியாளர் விவரிக்கக் கேட்டு ரசிப்பவர். வந்தவர்களின் அறியாமையைக் கிண்டல்கூடச் செய்கிறார். கிறிஸ்ஸுக்கும் நமக்கும் அவரைப் பிடித்துப்போகிறது. கடைசியில் கிறிஸ்ஸின் உடலை விலைக்கு வாங்கியவர் அவரே. நாற்காலியில் கட்டிப்போடப்பட்ட கிறிஸ்ஸிடம் தொலைக்காட்சி வழியே விளக்கமும் சொல்கிறார்: மற்றவர்களுக்குப் பலம் வேண்டும், வேகம் வேண்டும், என்னை அவர்களோடு சேர்க்காதே, உன் நிறம் என்னவானாலும் எனக்கு ஒன்றுதான், எனக்கு வேண்டியது உன் பார்வை.

நான் நிறம் பார்ப்பதில்லை என்று பெருமையாகச் சொல்லும் ஒரு மனநிலையை, நிஜமாகவே பார்வையில்லாத ஒருவரிடம் கொடுத்திருக்கிறார் பீல். அவர் நிறம் பார்க்கவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். கறுப்பின உடல் மட்டும் விற்பனைக்கு வரும் சந்தை ஒன்று நடக்கிறது, அதில் அவர் வாங்குகிறார். மனசில் வெறுப்பு இல்லை என்பதால் கிறிஸ்ஸின் கதி கொஞ்சமும் மாறுவதில்லை. படத்தின் மொத்த வாதமும் இந்த ஒரு காட்சிக்குள் இருக்கிறது.

ஏலம், கத்தி, ஓட்டப்பந்தயம்

அறுவை சிகிச்சை விஷயம் வந்ததும் படம் தடம் மாறி அறிவியல் கற்பனையாகிவிட்டது என்று சிலர் குறைபட்டுக்கொள்வதுண்டு. ஆனால் அந்தக் கற்பனைக்குக் கீழே இருப்பது முழுக்க முழுக்க நடந்த வரலாறு.

விருந்தினர்கள் பிங்கோ ஆடும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சத்தம் இல்லை. டீன் விரல்களால் எண்ணிக்கை காட்டுகிறார், கீழே இருப்பவர்கள் அட்டையைத் தூக்குகிறார்கள். கேமரா மெல்லப் பின்வாங்கும்போதுதான் டீனுக்குப் பக்கத்தில் கிறிஸ்ஸின் பெரிய படம் தெரிகிறது. நடப்பது ஏலம். 1865இல் அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழிக்கும்வரை அமெரிக்கத் தென்மாநிலங்களில் மனிதர்களை இப்படித்தான் விற்றார்கள். வாங்க வந்தவர்கள் பல்லைப் பார்ப்பார்கள், தசையை அமுக்கிப் பார்ப்பார்கள். விருந்தில் புஜத்தை அமுக்கிய கை நினைவிருக்கும்.

மருத்துவர் குடும்பம் என்பதும் சும்மா வைத்ததில்லை. 1840களில் அலபாமாவின் மாண்ட்கோமரியில் ஜே. மேரியன் சிம்ஸ் என்ற அறுவை மருத்துவர், அடிமைப் பெண்களின் உடலில் மயக்க மருந்து கொடுக்காமல் திரும்பத் திரும்ப அறுவை செய்து சிகிச்சை முறை கண்டுபிடித்தார். அனார்க்கா, பெட்சி, லூசி என்று மூன்று பெண்களின் பெயர்கள் மட்டும் நமக்குத் தெரியும். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நின்ற அவருடைய சிலையை 2018இல்தான் அகற்றினார்கள். அதே மாநிலத்தின் டஸ்கீகியில், 1932 முதல் 1972 வரை, சுமார் 600 கறுப்பின ஆண்களை வைத்து அரசுப் பொதுச் சுகாதாரத் துறையே ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களில் 399 பேருக்கு சிபிலிஸ் நோய். பென்சிலின் வந்த பிறகும் அவர்களுக்கு அதைக் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'கெட் அவுட்' படமானதும் அலபாமாவில்தான், ஃபேர்ஹோப், மொபைல் என்ற ஊர்களில்.

கறுப்பின உடலைப் பற்றிய மூடநம்பிக்கை இன்றும் மருத்துவத்தை விட்டுப் போகவில்லை. வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வெள்ளை மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி மருத்துவர்களிடமும் நடந்த ஆய்வு ஒன்று 2016இல் வெளியானது. கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது போன்ற பொய்களில் ஒன்றையாவது அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் நம்பினார்கள். இரவுச் சாப்பாட்டின்போது ரோஸின் தம்பி, உன் உடல்வாகுக்கும் மரபணுவுக்கும் ஒழுங்காகப் பயிற்சி எடுத்தால் மிருகம்போல ஆகிவிடுவாய் என்று கிறிஸ்ஸிடம் சொல்வதும் அதே நம்பிக்கைதான், பாராட்டு வேஷத்தில்.

அப்புறம் தாத்தா. 1936 பெர்லின் ஒலிம்பிக்குக்கான தகுதிப் போட்டியில் கறுப்பின ஓட்டக்காரர் ஜெஸ்ஸி ஓவன்ஸிடம் தோற்றவர் அவர் என்கிறது கதை. நிஜ ஓவன்ஸ் பெர்லினில் ஹிட்லரின் கண் முன்னே நான்கு தங்கம் வென்றார். அப்பா அந்தத் தோல்வியை ஏறக்குறைய மறந்துவிட்டார் என்று டீன் சொல்லும்போது நமக்குச் சிரிப்பு வருகிறது. அன்றிரவு வால்ட்டர் இருட்டில் முழு வேகத்தில் கிறிஸ்ஸை நோக்கி ஓடி வந்து, கடைசி நொடியில் விலகிப் போகிறான். முதல் தடவை பார்க்கும்போது அது அர்த்தமில்லாத பயமுறுத்தல். அது தாத்தா என்று தெரிந்தபிறகு பார்த்தால், தோற்ற மனிதர் தன்னைத் தோற்கடித்தவரின் இனத்து உடலைத் திருடிக்கொண்டு தினமும் ஓடிப் பார்க்கிறார். நிறவெறிக்குள் பொறாமைக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன காட்சி அபூர்வம்.

அமிழ்ந்த இடம்

மிஸ்ஸி தேநீர்க் கோப்பையில் கரண்டியைச் சுழற்றுகிறார். விளிம்பில் உரசும் அந்த மெல்லிய ஓசையோடு, கிறிஸ்ஸின் அம்மா இறந்த நாளைப் பற்றி விசாரிக்கிறார். அவனுக்கு அப்போது பதினொரு வயது. காரில் வந்த யாரோ அடித்துவிட்டுப் போக, அம்மா சாலையோரம் கிடந்தாள். அவள் வீடு திரும்பாதபோது அவன் யாரையும் கூப்பிடாமல் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் குற்றவுணர்வுதான் கைப்பிடி. அதைப் பிடித்து அவனை உள்ளே தள்ளுகிறார். நாற்காலிக்கு அடியில் பெரும் இருட்டு திறக்க, கிறிஸ் அதற்குள் விழுந்துகொண்டே இருக்கிறான். வெளியுலகம் எங்கோ மேலே ஒரு தொலைக்காட்சித் திரை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. பார்க்கலாம், கேட்கலாம். கத்தினால் யாருக்கும் கேட்காது.

இதைத்தான் படம் 'சங்கன் பிளேஸ்' என்கிறது. எவ்வளவு கத்தினாலும் அமைப்பு நம்மை வாயடைத்துவிடுகிறது என்ற ஒடுக்கப்பட்ட நிலைதான் அது என்று பீலே விளக்கியிருக்கிறார். இந்த எண்ணத்துக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் வயது. கறுப்பினத்தவர் எப்போதும் மற்றவர்களின் கண் வழியே தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஓர் உடலுக்குள் இரண்டு மனங்கள் மல்லுக்கட்டுகின்றன என்று 1903இலேயே எழுதினார் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ. ஈ. பி. டுபாய்ஸ். அவர் உருவகமாகச் சொன்னதைப் படம் அறுவை சிகிச்சையாக்கிவிட்டது.

கிறிஸ் தப்பிப்பதும் கவனிக்க வேண்டியது. நாற்காலியின் கைப்பிடியை நகத்தால் கீறிக் கீறி, உள்ளேயிருந்து வெளிவந்த பஞ்சைக் காதில் அடைத்துக்கொள்கிறான், கரண்டிச் சத்தம் கேட்காமலிருக்க. பருத்தி பறிக்கத்தான் அவன் முன்னோர்களை விலைக்கு வாங்கினார்கள்.

இரண்டாம் தடவை பார்க்கும்போது

நிறைய வசனங்களும் காட்சிகளும் இரட்டை அர்த்தம் வைத்துக் கட்டப்பட்டவை. மூன்று மட்டும்:

1. வழியில் கார் ஒரு மானை மோதிவிடுகிறது. வண்டி ஓட்டியது ரோஸ், ஆனால் போலீஸ்காரர் கிறிஸ்ஸின் அடையாள அட்டையைக் கேட்கிறார். ரோஸ் சீறுகிறாள். காதலனுக்காக நியாயம் கேட்கிறாள் என்று நினைக்கிறோம். பிறகு யோசித்தால், அவன் இந்தப் பக்கம் வந்ததற்குப் பதிவு எதுவும் இருக்கக் கூடாது என்பது அவளுடைய தேவை.

2. என் அம்மாவுக்குச் சமையலறை பிடிக்கும், அவருடைய ஒரு பகுதியை இங்கேயே வைத்திருக்கிறோம் என்கிறார் டீன். அங்கே நிற்பது ஜார்ஜினா.

3. நிலவறைக் கதவு பூட்டியிருக்கிறது. கேட்டால், கீழே கறுப்புப் பூஞ்சை என்று பதில்.

போலீஸ் விளக்கு

கடைசிக் காட்சி. நடுச்சாலை. ரத்தக் களரியில் கிடக்கும் ரோஸின் கழுத்தில் கிறிஸ்ஸின் கைகள். நெரிக்க முடியாமல் விட்டுவிடுகிறான். சிவப்பு, நீல விளக்குகளோடு ஒரு வண்டி வந்து நிற்கிறது. ரோஸ் உதவி கேட்டுக் கை நீட்டுகிறாள், கிறிஸ் இரண்டு கைகளையும் தூக்குகிறான். போலீஸ் வந்தால் பிழைத்தோம் என்பதுதான் திகில் படங்களின் வழக்கம். இங்கே அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டது, இவனைச் சுட்டுவிடுவார்களே என்று. இன வேறுபாடில்லாமல் எல்லாப் பார்வையாளரும் அந்தச் சில நொடிகள் ஒரு கறுப்பின ஆணின் இடத்தில் நின்று அந்த விளக்கைப் பார்த்தார்கள். எந்தப் பிரசங்கத்தாலும் இதைச் செய்ய முடியாது. கதவு திறக்கிறது. வந்திருப்பது ராட், விமான நிலைய வண்டியில்.

முதலில் படமாக்கிய முடிவு வேறு. வந்தது நிஜப் போலீஸ். கிறிஸ் சிறையில் இருக்கிறான், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ராட் வழக்குக்கு விவரம் கேட்கிறான், கிறிஸ்ஸிடம் சொல்ல ஒன்றுமில்லை. 1968இல் வந்த ஜார்ஜ் ரொமேரோவின் 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' படத்தின் கறுப்பின நாயகன் இரவு முழுக்கப் பிணங்களிடம் தப்பி, விடிந்ததும் வெள்ளையர் கூட்டத்தின் துப்பாக்கிக்கு இரையாவான். அந்த வழியில்தான் பீலும் போயிருந்தார். ஆனால் படம் தயாரான சமயத்தில், போலீஸ் கையில் சாகும் கறுப்பினத்தவர் செய்திகளை நாடே பார்த்துக்கொண்டிருந்தது. இனி மக்களை எழுப்ப வேண்டிய அவசியமில்லை, ஒருவன் தப்பிப்பதைப் பார்க்க வேண்டும் என்று முடிவை மாற்றினார். பழைய முடிவு யதார்த்தம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் புதியதுதான் பலமானது. பார்ப்பவர் பழைய முடிவை மனசுக்குள் தானே ஓட்டிப் பார்த்துவிடுகிறார், பிறகுதான் கதவு திறக்கிறது.

நகைச்சுவைப் பிரிவில் எப்படி?

கோல்டன் குளோப்பில் சிறந்த படத்துக்கான முக்கியப் பிரிவுகள் இரண்டு: ஒன்று நாடகம், மற்றது இசை அல்லது நகைச்சுவை. திகிலுக்குத் தனி இடம் இல்லாததால் படம் இரண்டாவதில் போய் விழுந்தது. 'கெட் அவுட்' ஓர் ஆவணப்படம் என்று பீல் ட்விட்டரில் ஒரு வரி போட்டார். படத்தில் சிரிப்பு இருக்கிறது, மறுக்க முடியாது. அதில் பெரும்பகுதி ராட் பேசுவதால் வருவது. விசித்திரம் என்னவென்றால், அவன் உளறுவதாக நாம் சிரித்த ஒவ்வொன்றும் ஏறக்குறைய உண்மை.

பிறகு வந்தவையும் விடுபட்டவையும்

படம் வந்த அதே ஆண்டிலேயே யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் எழுத்தாளர் டனானரிவ் டியூ, சங்கன் பிளேஸை முன்வைத்துக் கறுப்பினத் திகில் படைப்புகள் பற்றி ஒரு பாடமே நடத்தினார். பீல் அடுத்து 'அஸ்' (2019), 'நோப்' (2022) எடுத்தார். கறுப்பின நாயகர்களை வைத்துத் திகில் படம் எடுத்தால் ஓடாது என்று ஸ்டுடியோக்கள் சொல்லிவந்த சாக்கு அதோடு செத்தது. ஆனால் பின்னாலேயே வந்த சில படங்களும் தொடர்களும், இனக் கொடுமையை நீட்டி முழக்கிக் காட்டினாலே சமூகப் பார்வை வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டன. 'கெட் அவுட்' கிறிஸ்ஸின் உடலில் சித்திரவதை என்று எதையும் விஸ்தாரமாகக் காட்டவில்லை என்பதை அவர்கள் கவனிக்கவே இல்லை.

நடிகர் தேர்வும் விவாதமானது. கலூயா லண்டனில் பிறந்தவர், பெற்றோர் உகாண்டாவைச் சேர்ந்தவர்கள். அமெரிக்காவில் வளர்ந்த ஒருவர் நடித்திருந்தால் படம் எப்படி இருந்திருக்கும் என்று நடிகர் சாமுவேல் எல். ஜாக்சன் கேட்டார். பிரிட்டனிலும் கறுப்பினத்தவராக வாழ்வது சுலபமில்லை என்பதால் இந்தக் கேள்வியில் பெரிய சாரம் இல்லை.

இன்னொரு குறைக்குத்தான் சாரம் உண்டு. இந்தக் கதையில் கறுப்பினப் பெண்களுக்கு இடமே இல்லை. கிறிஸ்ஸின் அம்மா நினைவில் மட்டும் வருகிறாள், கறுப்பினப் பெண்ணான துப்பறியும் அதிகாரி சிரித்துவிட்டுப் போகிறார். ரோஸின் அலமாரியில் கிறிஸ் கண்டெடுக்கும் புகைப்படங்களில் அவளுடைய பழைய காதலர்கள் வரிசையாக இருக்கிறார்கள், கடைசியில் வருவது ஜார்ஜினா. அப்படியானால் அவளும் ஒரு நாள் கிறிஸ்ஸைப் போலவே காதலை நம்பி இந்த வீட்டுக்கு வந்தவள்தான். அவள் யார், எந்த ஊர், அவளைத் தேடி யாராவது போலீஸுக்குப் போனார்களா என்று படம் கேட்கவே இல்லை. இதே குடும்பம் முன்பு கடத்திய ஆண்ட்ரே என்ற இளைஞன் காணாமல் போனதைக் கண்டுபிடிக்க ஒரு ராட் இருந்தான். ஜார்ஜினாவின் சொந்தப் பெயரைக்கூடப் படம் நமக்குச் சொல்வதில்லை.